அப்பாவின் கணக்கு திறந்திருக்கலாம், உங்கள் கணக்கு கூடாது

கேள்வி:

வணக்கம் சார். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் காவேரிப்பட்டினம் பக்கத்தில் மாந்தோப்பு வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது. போன வருஷம் அவருக்கு விண்டோஸ் 11 போட்ட டெஸ்க்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பட்டா, சிட்டா பார்ப்பார், விவசாய வீடியோ பார்ப்பார், மாங்காய் எடைக்கணக்கை எக்ஸெலில் போடுவார், சாயங்காலம் என் பையனோடு வீடியோ காலில் பேசுவார்.

பாஸ்வேர்டுதான் பெரிய தொல்லை. கரண்ட் போய் வந்தால் கேட்கிறது. டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் கேட்கிறது. தப்பாக அடித்துவிட்டு எனக்குப் போன் செய்வார், நான் மீட்டிங்கில் இருப்பேன். நாலு இலக்கப் பின் நம்பர் வைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் "ஏ1பி2சி3" என்று ஏதோ அடிக்கச் சொல்கிறது என்று பயந்து மெஷினையே அணைத்துவிட்டார். இப்போது என் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆன் செய்ததும் நேராக உள்ளே போகிற மாதிரி வைக்க முடியுமா? வைத்தால் ஆபத்தா? என் மெயில், பேங்க் எல்லாம் அதே மெஷினில்தான் இருக்கிறது. அண்ணன் மகன் பழைய அரசு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்டு அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறான். அதிலும் இதைச் செய்யலாமா?

ஒரு வாசகி, ஓசூர்

பதில்:

வணக்கம்மா. தாராளமாக வைக்கலாம். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் ஆசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது அவரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பது எனக்கும் பிடிக்காத விஷயம். தர்மபுரியில் சர்வீஸ் வேலை செய்கிறேன். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் கம்ப்யூட்டர் துணி மூடி மூலையில் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி வீடுகளில் காரணம் இந்தப் பாஸ்வேர்டு திரைதான். இரண்டு தடவை உள்ளே போக முடியாவிட்டால் மூன்றாவது தடவை அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வேறு. "என் பாஸ்வேர்டை" ஒட்டியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மெஷினில் இருப்பது ஒரே கணக்கு, அதுவும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கு. கடையில் புது மெஷின் வாங்கியதும் அங்கேயே உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்து ஆரம்பித்திருப்பீர்கள். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், விண்டோஸ் 11-ம் அதைத்தான் கேட்கிறது. இதன் பொருள் என்ன தெரியுமா? அந்தச் சீட்டில் இருப்பது காவேரிப்பட்டினத்து மெஷினை மட்டும் திறக்கும் சொல் அல்ல. உங்கள் மெயிலையும், ஒன்ட்ரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) உள்ள படங்களையும் காகிதங்களையும் எந்த ஊரிலிருந்தும் திறக்கக்கூடிய சொல். அந்தச் சீட்டை ஒருவர் செல்போனில் ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

ஆகவே ஆட்டோ லாகின், அதாவது ஆன் செய்ததும் தானாக உள்ளே போவது, வைக்கலாமா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. எந்தக் கணக்குக்கு வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் கணக்குக்கு வைக்காதீர்கள். அப்பாவுக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டாக்கி, அதற்கு வையுங்கள். முன்வாசல் பகலெல்லாம் திறந்து கிடக்கிற வீட்டிலும் பீரோ பூட்டித்தான் இருக்கும், அந்த மாதிரி.

உங்கள் வீட்டு முன்னறையை நான் பார்த்ததில்லை. ஆனால் மாந்தோப்பு வீடுகள் எப்படி இருக்கும் என்று தெரியும். சீசன் ஆரம்பித்துவிட்டால் வியாபாரி வருவார், காய் பறிக்கிற ஆட்கள் தண்ணீர் கேட்டு வருவார்கள், வண்டிக்காரர் எடைச் சீட்டோடு வந்து உட்காருவார், பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் யூடியூப் பார்க்க வருவார்கள். அப்பா தோப்புக்குள் போயிருப்பார், கம்ப்யூட்டர் ஆனில் இருக்கும். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சின்னப் பையன் ஆர்வத்தில் கிளிக் செய்தாலே உங்கள் மெயில் திறக்கும். மெயில் கைக்கு வந்துவிட்டால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டையெல்லாம் "மறந்துவிட்டேன்" என்று சொல்லி மாற்றிவிடலாம். பிரவுசரில் பேங்க் பாஸ்வேர்டு சேமித்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், தானாகவே நிரம்பி நிற்கும். ஓடிபி வருமே என்பீர்கள். அப்பாவின் பேங்க் என்றால் அந்த ஓடிபி வருகிற போன் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

அப்பாவின் தனிக் கணக்கில் இதெல்லாம் இருக்கவே இருக்காது. அதில் யூடியூப், பட்டா, வீடியோ கால், எடைக்கணக்கு மட்டும். அது திறந்து கிடந்தால் கிடக்கட்டும்.

செய்யும் முறைக்கு வருகிறேன். போனில் சொல்லிச் செய்ய வைக்காதீர்கள். அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகும்போது நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள், ஒரு மணி நேர வேலை.

உங்கள் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ், அதில் அக்கவுன்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ் என்று போங்கள். ஆட் அக்கவுன்ட் என்ற பட்டனை அழுத்தினால் மைக்ரோசாஃப்ட் உடனே ஒரு மெயில் முகவரி கேட்கும். கொடுக்காதீர்கள். கீழே சின்ன எழுத்தில், இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை அழுத்துங்கள். அடுத்த பெட்டியிலும் மெயில் கேட்கும். அங்கேயும் கீழே மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் ஒருவரைச் சேர்ப்பதற்கான வரி இருக்கும். இந்த இரண்டு வரிகளையும் கண்ணில் படாதபடிதான் வைத்திருக்கிறார்கள், நிதானமாகத் தேடுங்கள். அதன் பிறகு பெயர் கேட்கும். அப்பா பெயரைப் போடுங்கள். பாஸ்வேர்டு கட்டங்களைக் காலியாகவே விட்டுவிட்டு நெக்ஸ்ட் கொடுங்கள். காலியாக விட்டால், பாஸ்வேர்டு மறந்தால் உதவுவதற்காகக் கேட்கும் மூன்று ரகசியக் கேள்விகளும் வராது.

பாஸ்வேர்டே இல்லாத கணக்கா என்று பதற வேண்டாம். இப்படிப்பட்ட கணக்கில் மெஷின் முன்னால் நேரில் உட்கார்ந்துதான் நுழைய முடியும். பாஸ்வேர்டு இல்லாத உள்ளூர்க் கணக்கு வழியாக நெட்வொர்க்கில் வெளியிலிருந்து நுழைவதை விண்டோஸ் தானாகவே தடுத்து வைத்திருக்கிறது. அதுபோக, இப்படி உண்டாக்கும் கணக்கு ஸ்டாண்டர்டு யூசராகத்தான் வரும். அதை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றாமல் அப்படியே விடுங்கள். புதிதாக ஏதாவது சாஃப்ட்வேர் மெஷின் முழுவதற்கும் போட வேண்டுமென்றால் உங்கள் பாஸ்வேர்டையோ பின்னையோ கேட்டு நிற்கும். யாராவது போனில் "பேங்க்லிருந்து பேசுறோம், இதை டவுன்லோடு பண்ணுங்க" என்று அப்பாவைப் பிடித்தால் அந்த இடத்தில் ஒரு தடை விழும். இது முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நம் திரையை வெளியிலிருந்து பார்க்க வைக்கும் செயலிகளில் சில, இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். அதனால் அப்பாவிடம் வாயாலும் சொல்லி வையுங்கள்: போனில் யார் சொன்னாலும் எதையும் இறக்கக் கூடாது, முதலில் என்னிடம் கேட்க வேண்டும் என்று. பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் பாஸ்வேர்டு சீட்டு இருந்த இடத்தில் ஒட்டி வைக்கலாம். அது யார் கண்ணில் பட்டாலும் நல்லதுதான்.

இந்தக் கணக்கை உண்டாக்கியதோடு நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆன் செய்தால் இரண்டு பெயர் தெரியும், அப்பா தன் பெயரைத் தொட்டு சைன்-இன் பட்டனை ஒரு கிளிக் செய்தால் போதும், டைப் செய்ய எதுவும் இல்லை. பல வீடுகளில் நான் இதோடு விட்டுவிட்டு வந்துவிடுவேன். அந்த ஒரு கிளிக்கும் வேண்டாம் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் அடிக்க வேண்டிய சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன்: என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இஸட். நடுவில் இடைவெளி கிடையாது. என்டர் அடித்தால் யூசர் அக்கவுன்ட்ஸ் என்ற பழைய காலத்துப் பெட்டி திறக்கும். உச்சியில், இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த ஒவ்வொருவரும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வரியும், பக்கத்தில் டிக் கட்டமும் இருக்கும். கீழே பட்டியலில் அப்பா பெயரைத் தொட்டுவிட்டு அந்த டிக்கை எடுங்கள். அப்ளை கொடுத்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். மேலே அப்பா பெயர்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பெயர் வந்து நிற்பது உண்டு. பாஸ்வேர்டு கட்டங்கள் இரண்டையும் காலியாக விட்டு ஓகே கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

டிக் கட்டமே இல்லையே என்று இந்த இடத்தில் நிறையப் பேர் நின்றுவிடுவார்கள். மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்குப் பின் நம்பர், கைரேகை, முகம் இவற்றை மட்டுமே அனுமதிக்கும் ஒரு ஸ்விட்ச் புது மெஷின்களில் ஆனில் இருக்கும். அது ஆனில் இருக்கும் வரை இந்தக் கட்டம் ஒளிந்துகொள்ளும். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போய்க் கொஞ்சம் கீழே பாருங்கள், விண்டோஸ் ஹலோ என்ற பெயரோடு அந்த ஸ்விட்ச் இருக்கும். ஆஃப் செய்துவிட்டு, யூசர் அக்கவுன்ட்ஸ் பெட்டியை மூடித் திரும்பத் திறந்தால் கட்டம் வந்துவிடும்.

யூடியூபில் ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் உள் பட்டியல்) திறந்து டிஃபால்ட் பாஸ்வேர்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அந்த வழிக்குப் போகாதீர்கள். அப்படிச் சேர்க்கும் பாஸ்வேர்டு மெஷினுக்குள் வெறும் எழுத்தாகவே கிடக்கும், பார்க்கத் தெரிந்தவர் யாரும் படித்துவிடலாம். நான் சொன்ன பெட்டி வழியாகக் கொடுத்தால் மறைகுறியாக்கித்தான் சேமிக்கும். உங்கள் வீட்டில் அப்பா கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லை என்பதால் இந்தக் கவலை இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, வீடியோக்களில் யாரும் சொல்லாதது. நீங்கள் ஊருக்கு வரும்போது உங்கள் கணக்கில் நுழைந்து வேலை பார்ப்பீர்கள் அல்லவா? கடைசியாக நுழைந்தவர் பெயரை விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளும். ஆட்டோ லாகினும் அதே குறிப்பைத்தான் பார்க்கிறது. அதனால் சில சமயம் நீங்கள் வந்துபோன பிறகு அப்பா கணக்கு தானாகத் திறக்காமல் பெயர் கேட்கும் திரையிலேயே நின்றுவிடும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, அப்பா பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அதே பெட்டியில் டிக்கை வைத்து எடுத்து மறுபடி கொடுங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட் வந்து போன பிறகும் இப்படி ஆவதுண்டு. பாஸ்வேர்டு இல்லாமல் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டோ லாகின் கைவிட்ட அன்றைக்கும் அப்பாவுக்கு ஒரு கிளிக்தான் வேலை, உங்களுக்குப் போன் வராது. மெஷின் நேராக அப்பா பக்கம் போகும்போது உங்கள் கணக்குக்குப் போக வேண்டுமென்றால் சைன் அவுட் செய்து உங்கள் பெயரைத் தொடுங்கள், அது எப்போதும் போலப் பாஸ்வேர்டு கேட்கும்.

டீ குடித்துவிட்டு வந்தால் கேட்பது தனி விஷயம். ஆட்டோ லாகின் என்பது ஆன் செய்யும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஸ்லீப்பிலிருந்து எழும்பும்போது கேட்பதற்கு வேறு அமைப்பு இருக்கிறது. அப்பா கணக்குக்குள் இருந்துகொண்டு அதே சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்தால், நீங்கள் விலகிப் போய் வந்தால் எப்போது திரும்பக் கேட்க வேண்டும் என்ற பொருளில் ஒரு கேள்வி இருக்கும். அதில் நெவர் என்று வையுங்கள். உங்கள் கணக்கில் இதைத் தொடாதீர்கள், அங்கே கேட்கத்தான் வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஆன் ஆகிற மாதிரி பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மெஷினின் அடிப்படை அமைப்பு) வைத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் உண்டு. ஆட்டோ லாகினும் சேர்ந்துவிட்டால், வீட்டில் ஆள் இல்லாத மத்தியானத்தில் கரண்ட் வந்தால் மெஷின் தானே ஆன் ஆகி, தானே உள்ளே போய்த் திறந்து நிற்கும். அப்பா கணக்குத்தானே என்றாலும் எனக்கு அது பிடிக்காது, அதை ஆஃப் செய்யச் சொல்வேன். அதற்குப் பதிலாக ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். எடைக்கணக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஷட் டவுன் செய்ய நேரம் கிடைக்கும், ஹார்டு டிஸ்க்குக்கும் நல்லது.

அப்பா கணக்கு புதிதாக இருக்கும், காலியாக இருக்கும். இந்த இடத்தில்தான் நல்லெண்ணத்தில் செய்யும் காரியம் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். குரோமைத் திறந்ததும் கூகுள் கணக்கு கேட்கும், "சரி, என்னுடையதையே போட்டுக் கொடுப்போம்" என்று உங்கள் ஜிமெயிலைப் போட்டுவிடாதீர்கள். போட்டு சிங்க்கையும் (ஒரே கணக்கில் உள்ளதை எல்லா மெஷினுக்கும் கொண்டுவரும் வசதி) ஆன் செய்துவிட்டால் நீங்கள் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அந்தப் பக்கமும் வந்து இறங்கிவிடும். அப்பாவின் போனில் உள்ள ஜிமெயிலும் வேண்டாம், பேங்க் கடிதம் எல்லாம் அதில்தான் வரும். வீடியோ காலுக்கும் யூடியூபுக்கும் மட்டுமாகப் புது ஜிமெயில் ஒன்று திறந்து கொடுங்கள். பிரவுசர் செட்டிங்ஸில் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்பதையும் அணைத்துவிடுங்கள்.

எக்ஸெலிலும் இதே கண்ணி இருக்கிறது. அது உங்கள் பெயரில் வாங்கிய சந்தா என்றால் அப்பா பக்கத்தில் திறக்கும்போது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கும். கொடுத்தால் உங்கள் ஒன்ட்ரைவுக்கு அங்கே வழி திறந்துவிடும். எடைக்கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் போதும். இலவசம், எக்ஸெல் ஃபைலை அப்படியே திறக்கும். பெங்களூரா இத்தனை டன், செந்தூரா இத்தனை டன், கழிவு போக மீதி என்று கூட்டிக் கழிப்பதற்கு அதில் இல்லாதது எதுவும் இல்லை. இதுவரை போட்ட கணக்கு ஃபைல்களும் பேரன் படங்களும் உங்கள் கணக்குக்குள் இருக்கும். அவற்றை சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் பப்ளிக் என்று ஒன்று இருக்கும், அதில் நகல் எடுத்துப் போட்டால் இரண்டு பேரும் பார்க்கலாம். ஆதார், பான், பத்திரத்தின் ஸ்கேன் படங்கள் இருந்தால் அவற்றை மட்டும் உங்கள் பக்கத்திலேயே விடுங்கள். அப்பா தமிழில் டைப் செய்பவர் என்றால் தமிழ் கீபோர்டை அவருடைய கணக்கிலும் ஒரு தடவை சேர்க்க வேண்டும்.

பாஸ்வேர்டு ஏன் அடிக்கடி தப்பாகப் போயிற்று என்பதற்கும் அந்தத் தமிழ் கீபோர்டு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். லாகின் திரையிலும் கீபோர்டு தமிழில் நின்றால் சரியாக அடித்தாலும் வேறு எழுத்துதான் விழும். எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. பின் நம்பருக்கு வேறு காரணம். வலப்பக்க எண் பலகையில் அடிப்பார், நம்-லாக் (Num Lock) பட்டன் ஆஃபில் இருந்தால் எண்ணே விழாது, விழுந்தது பாதி விழாதது பாதி என்று ஆகிவிடும். பல தடவை தப்பாகப் போனதும் விண்டோஸ் சந்தேகப்பட்டு, குழந்தையோ பூனையோ கீபோர்டைத் தட்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ள அந்த ஏ1பி2சி3-ஐ அடிக்கச் சொல்லும். அதை அப்படியே அடித்தால் மறுபடி பின் கேட்கும், அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் எதையும் கெடுத்துவிடவில்லை. இந்த வயதில் "நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்" என்று மனதில் வைத்துக்கொள்வார்கள், அது வேண்டாம்.

மெஷினையே யாராவது தூக்கிப்போனால்? விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஆரம்பித்த பல மெஷின்களில் டிஸ்க் குறியாக்கம் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) தானாகவே ஆனாகி இருக்கும். டிஸ்க்கை மட்டும் கழற்றிப்போனால் ஒன்றும் படிக்க முடியாது. ஆனால் முழு மெஷினும் போனால், ஆன் செய்தவுடன் அதுவே பூட்டைத் திறந்துகொண்டு ஆட்டோ லாகின் உள்ள கணக்குக்குள் போய்விடும். அது உங்கள் கணக்காக இருந்தால் குறியாக்கம் இருந்தும் பயன் இல்லை. அப்பா கணக்காக இருந்தால் உங்கள் ஃபைல்களுக்கும் திருடனுக்கும் நடுவில் இன்னும் உங்கள் பாஸ்வேர்டு நிற்கிறது. இதோடு ஒரு வேலை: குறியாக்கம் ஆனில் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸ் அமைப்பு ஏதாவது மாறிவிட்டால் மெஷின் அதைக் கேட்டு நிற்கும். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி ஓசூரில் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் மின்ட் லேப்டாப்பில் இது இன்னும் சுலபம். மெனுவில் லாகின் விண்டோ என்று தேடினால் யூசர்ஸ் பகுதியில் ஆட்டோமேட்டிக் லாகின் என்ற இடம் இருக்கும், அங்கே கணக்கின் பெயரைப் போட்டால் போதும். ஆனால் குரோம் திறந்தவுடன் கீரிங் (சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம்) திறக்கவில்லை, பாஸ்வேர்டு கொடு என்று ஒரு பெட்டி வந்து நிற்கக்கூடும். காரணம், லாகின் செய்யும்போது அடிக்கும் பாஸ்வேர்டுதான் அந்தக் கீரிங்கையும் திறக்கிறது. ஆட்டோ லாகினில் யாரும் பாஸ்வேர்டு அடிக்காததால் அது பூட்டியே இருக்கும். கீரிங்குக்குக் காலிப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லித் தருவார்கள், அப்படி வைத்தால் அதில் சேமித்தது எல்லாம் பூட்டில்லாமல் கிடக்கும். அப்பாவுக்கு ஃபயர்பாக்ஸைப் பழக்கிவிடுங்கள். அது இந்தக் கீரிங்கைக் கேட்பதில்லை. அண்ணன் மகனுடைய சொந்த ஃபைல்கள் அந்த லேப்டாப்பில் இருந்தால் அங்கேயும் அப்பாவுக்குத் தனிக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் தோப்புக்கும் வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் போய் வருகிற பொருள் என்றால் ஆட்டோ லாகின் வேண்டாம். வீட்டை விட்டு நகராத மெஷினுக்கு மட்டும்தான் இதை நான் ஒத்துக்கொள்வேன்.

இதைப் படிக்கும் கடைக்காரர்களும் நம் கடை பில்லிங் மெஷினுக்கும் வைக்கலாமே என்று நினைப்பீர்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி மண்டிகளில் விடியற்காலை அவசரத்தில் இப்படித் திறந்து வைத்திருப்பதைப் பார்க்கிறேன். விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக் கணக்கு உள்ள மெஷின் அது. அங்கே கூடவே கூடாது.

செய்ய வேண்டிய வரிசையையும் சொல்லிவிடுகிறேன், மாற்றிச் செய்தால் அப்பா வெளியே நிற்பார். இன்றைக்கு ராத்திரி போன் செய்து அந்தச் சீட்டைக் கழற்றி பீரோவுக்குள் வைக்கச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டை இப்போதே ஓசூரிலிருந்து மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் ஞாயிற்றுக்கிழமை வரை அவர் மெஷினுக்குள் போக முடியாமல் போகலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை மட்டும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு யார் கைக்குப் போயிருந்தாலும் உங்கள் போன் இல்லாமல் மெயிலுக்குள் நுழைய முடியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பா கணக்கை உண்டாக்கி, ஃபைல்களை நகல் எடுத்து, ஆட்டோ லாகின் வைத்து, அவரையே இரண்டு தடவை ஆன் செய்ய வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். நாலு இலக்கப் பின்னையும் மாற்றுங்கள், அது அவருக்குத் தெரியும், பேரனுக்கும் தெரிந்திருக்கும். சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம்.